பேயை விழுங்கின ஹீரோ: முனி முதல் காஞ்சனா 3 வரை ஒரு தரவரிசை

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறோம். கடைசிவரை இழுத்தடிக்கிற அளவுக்கு இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

1. முனி (2007)
2. முனி 2: காஞ்சனா (2011)
3. காஞ்சனா 2 (2015)
4. காஞ்சனா 3 (2019)

ஓம், படங்கள் வெளிவந்த அதே ஒழுங்குதான். "இதுக்கு ஒரு கட்டுரையோ?" என்று நீங்கள் கேட்கலாம். வழமையான வரிசை எங்களுக்கும் தெரியும். பேஸ்புக்கில கேட்டாலும் சரி, கன்ரீன் மேசையில கேட்டாலும் சரி, பதில் ஒன்றுதான். காஞ்சனா முதலாவது, அதில கதைக்கவே இடமில்லை. அடுத்தது காஞ்சனா 2, பயமும் இருக்கு பகிடியும் இருக்கு. மூன்றாவது பாகம் கொஞ்சம் ஓவர், எண்டாலும் குடும்பத்தோட இருந்து பார்க்கலாம். முனியா? "அது பழசு மச்சான்" என்று கடைசியில் தள்ளிவிடுவார்கள். காஞ்சனா ஒரு தொடரின் இரண்டாம் பாகம் என்பதே பாதிப்பேருக்குத் தெரியாது.

இந்த வரிசையை நாங்கள் ஏற்கவில்லை. நாலு படத்தையும் ஒரு கிழமைக்குள் திரும்பவும் பார்த்தபிறகு இன்னும் உறுதியாக ஏற்கவில்லை. அந்த வரிசை எதை வைத்துப் போடப்படுகிறது? எத்தனை இடத்தில திடுக்கிட்டோம், எத்தனை இடத்தில சிரிச்சோம், எவ்வளவு வசூல். பேய்ப்படம் எண்டால் அதில பேய் எண்டு ஒரு ஆள் இருக்கு. அந்த ஆள் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவர். அவரை யாரோ கொன்றார்கள். அதற்கு நியாயம் கிடைக்கவில்லை. அதனால்தான் படமே இருக்கிறது. அப்படியிருக்க, எங்கட தரவரிசைகளில் அந்த ஆளை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எனவே எங்கள் அளவுகோல் மூன்று கேள்விகள். பேயாக வருகிறவர் யார்? அவருக்கு என்ன வேணும்? படம் முடியேக்க அது அவருக்குக் கிடைச்சுதா, இல்லை ஹீரோவுக்குக் கிடைச்சுதா?

இந்தக் கேள்விகளோடு பார்த்தால் ராகவா லோரன்ஸ் ஒரே கதையைத்தான் நாலு தரம் எடுத்திருக்கிறார் என்பது தெரியும். பேய்க்குப் பயந்து நடுங்கும் ஒருவன். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு ஆள் அவன் உடம்பில் ஏறுகிறார். வீட்டுக்காரர் பேயோட்டியைத் தேடிப் போகிறார்கள். பிளாஷ்பேக் வருகிறது. கதையைக் கேட்ட ஹீரோ மனமிளகி, தானே உடம்பைக் கொடுக்கிறான். வில்லன் சாகிறான், சுபம். ஒவ்வொரு பாகத்திலும் உண்மையில் மாறுவது ஒன்றுதான். பேய் சிறுக்குது, ஹீரோ பெருக்கிறான். காஞ்சனா 3 வரும்போது ஹீரோ பேயை முழுசா விழுங்கி ஏப்பமும் விட்டுவிடுகிறான்.

கலை ஆடுறது எண்டால் என்ன?

இறந்தவர் உயிரோடிருப்பவரில் வந்து இறங்குவது லோரன்ஸ் கண்டுபிடித்த சங்கதி இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சரி, எங்கட ஊர்களிலும் சரி, அது கோயில் விஷயம். மதுரை வீரனை எடுங்கோ, காத்தவராயனை எடுங்கோ. சாதி மீறி ஒரு பெண்ணை விரும்பியதற்காகத் தண்டிக்கப்பட்டு, கொல்லப்பட்டு, பிறகு சனத்தால் தெய்வமாக்கப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து நடந்தால், அவன் கழுமரம் ஏறும் கட்டத்துக்காகச் சனம் விடிய விடிய முழிச்சிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த கதை, எல்லாருக்கும் தெரிந்த முடிவு. எண்டாலும் இருந்து பார்க்கினம். செத்தவனுக்கு அந்தச் சனம் செலுத்தும் கடன் அது.

ஒருவர் கலை வந்து ஆடுகிற நேரம், அவர் யார் என்பது முக்கியமில்லை. அவர் பகலில் தோட்டம் கொத்துகிறவராக இருக்கலாம், கடை வைத்திருப்பவராக இருக்கலாம். ஆடி முடிந்ததும் முகத்தில் தண்ணி தெளித்து, திருநீறு பூசி வீட்டை அனுப்பிவிடுவார்கள். சனம் கையெடுத்துக் கும்பிட்டது அவரை இல்லை, அவருக்குள் வந்ததை. வந்தது பெரிசு. ஆடினவர் வாசல் மட்டும்தான்.

"முனி" என்ற சொல்லே இந்த உலகத்துக்குரியது. தமிழ்நாட்டில் முனியாண்டி காவல் தெய்வம். எங்கட பக்கம் "முனி அடிச்சிட்டுது" எண்டு சொன்னால் இப்பவும் விளங்காத ஆக்கள் இல்லை. முதற்படத்துக்கு அந்தப் பெயரை வைத்தபோது லோரன்ஸ் இந்த மரபின் வாசலில் நின்றார். நாலாவது படத்தில் வாசல் சாமியாகி, சாமி காணாமல் போய்விட்டது. அது எப்படி நடந்தது என்பதைக் கடைசி இடத்திலிருந்து பார்ப்போம்.

நாலாம் இடம்: காஞ்சனா 3

இதில் பேய் யார்? காளி என்று ஒருவர். ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்க்கிறவர், அநியாயத்தைத் தட்டிக் கேட்கிறவர். நரைச்ச முடி, ஸ்லோ மோஷன் நடை, பின்னணி இசை. அவரை நடித்தவர் யார்? லோரன்ஸ். அவர் வந்து ஏறுகிற ராகவாவை நடித்தவர் யார்? அதுவும் லோரன்ஸ்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஹீரோவின் உடம்பில் ஏறுவது ஹீரோவேதான். அப்ப அந்த உடம்பைக் கொடுப்பதில் என்ன தியாகம் இருக்கு? இடது பொக்கெற்றில இருந்த காசை வலது பொக்கெற்றில போட்டுவிட்டு, தானம் செய்தேன் என்று சொல்வதைப்போல.

மரத்தில் அடித்திருந்த ஆணியைப் பிடுங்கப் பேய் வெளிக்கிடும் அந்தத் தொடக்கத்தில் நல்ல ஒரு நாட்டார் பயம் இருந்தது. அதைப் படம் பத்து நிமிசம்கூட வைத்திருக்கவில்லை. பிறகு வருவது ராகவாவும் அவனைச் சுற்றும் மூன்று மச்சாள்மாரும். ஓவியா, வேதிகா, நிக்கி தம்போலி மூன்றுபேருக்கும் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: ஹீரோவுக்காகப் போட்டிபோட்டுச் சண்டை பிடிப்பது. முனியில் ஹீரோவின் மனைவியாக வந்த அதே வேதிகா, 12 வருசம் கழிச்சு இதில் மூன்றில் ஒருத்தி. தொடர் எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

காளியோடு சேர்த்துக் கொல்லப்பட்ட ரோசியும் பேயாக வருகிறாள். அவளுக்கு என்ன வேணும் என்பது படத்துக்கே கவலையில்லை. அந்த இல்லத்துப் பிள்ளைகள்? அவர்கள் காளி எவ்வளவு நல்லவர் என்று காட்டுவதற்காக மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். லோரன்ஸ் நிஜ வாழ்க்கையிலும் பிள்ளைகளுக்கு உதவுகிறவர் என்பது ஊரறிந்த விஷயம். அந்த வேலையில் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தான் செய்கிற நன்மையைத் தானே கதையாக்கி, அதற்குள் தன்னையே தியாகியாக வைத்து, தன்னையே பேயாக்கி, தனக்குத் தானே நியாயம் வாங்கிக் கொடுத்தால், அது பேய்ப்படம் இல்லை. கட்-அவுட்.

மூன்றாம் இடம்: காஞ்சனா 2

இந்தப் படத்துக்கு ஒரு அருமையான தொடக்கம் இருக்கிறது. முதலிடத்தை இழந்த ஒரு ரீவி சனல், பார்வையாளரைத் திரும்பப் பிடிக்கப் பொய்யாக ஒரு பேய் நிகழ்ச்சி எடுக்கக் கிளம்புகிறது. கடற்கரை வீடு ஒன்றுக்குப் போகிறார்கள். மணலுக்குள் இருந்து ஒரு தாலி கிடைக்கிறது. பேயைப் பொய்யாகக் காட்டி உழைக்கப் போன ஆக்களிடம் உண்மையான பேய் வந்து கணக்குக் கேட்கிறது. தன் தொடரையே கண்ணாடியில் பார்க்க லோரன்ஸுக்குக் கிடைத்த சந்தர்ப்பம் இது. பார்த்தாரா? இல்லை. இடைவேளைக்கு முன்னாலேயே அந்தச் சனல் கதை வெறும் சாட்டாகிப் போகிறது.

இதில் உண்மையான பேய் ஒன்று இருக்கிறது: கங்கா. காலில் குறைபாட்டோடு வாழ்ந்த பெண். நித்யா மேனன் அவளுக்குக் கொடுத்த உயிர் இந்தத் தொடரின் நல்ல நடிப்புகளில் ஒன்று. பரிதாபம் கேட்கிற பார்வை இல்லை, நல்ல வாய்க்காரி. அவள் நந்தினியின் உடம்பில் வருகிறாள். ஒரு பெண்ணின் கோபம் இன்னொரு பெண்ணின் உடம்பில் வருவது இந்த நாலு படத்திலும் இங்குதான் உருப்படியாக நடக்கிறது. டாப்சியும் அதைத் தாங்கி நடித்திருக்கிறார்.

கங்காவை மையமாக வைத்து இந்தப் படம் ஓடியிருந்தால் நாங்கள் யோசிக்காமல் இரண்டாம் இடம் கொடுத்திருப்போம். ஆனால் லோரன்ஸ் இங்குதான் அந்தப் பெரிய தவறைச் செய்கிறார். கங்காவின் காதலன் மொட்ட சிவா என்று இன்னொரு பேயை உருவாக்கி, அதையும் தானே நடித்தார். அந்த நிமிசத்திலிருந்து கங்காவின் சாவு சிவாவின் சாவுக்குத் துணைக்கதை. கங்காவின் கோபம் சிவாவின் சண்டைக்கு முன்னுரை. முதல் இரண்டு படத்திலும் பேயாக வந்தவர் வேறு ஒரு ஆள், வேறு ஒரு முகம். இதிலிருந்துதான் அந்த முகமும் ஹீரோவின் முகம் ஆகிறது. காஞ்சனா 3இல் நடந்த விபத்துக்குப் பாதை போட்டது காஞ்சனா 2.

இன்னொன்றையும் கவனியுங்கோ: இந்தப் படத்தில் காஞ்சனா இல்லை. மூன்றாவதிலும் இல்லை. ஒரு திருநங்கையின் பெயர் ஓடுது என்று தெரிந்ததும், ஆளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முதல் "முனி" என்ற சேரி மனிதனின் பெயர் தொடரின் தலைப்பிலிருந்து ஓரங்கட்டப்பட்டது. கதைக்குள்ள நிலத்தைப் பறிகொடுத்த இரண்டுபேர், போஸ்டரில பெயரையும் பறிகொடுத்திச்சினம்.

இரண்டாம் இடம்: காஞ்சனா

இங்கேதான் எங்களோடு சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். வாங்கோ.

காஞ்சனாவின் பிளாஷ்பேக் தமிழ் வணிக சினிமாவில் ஒரு திருப்பம் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பெற்ற வீட்டால் துரத்தப்பட்ட பிள்ளை. ஒரு முஸ்லிம் பெரியவர் தன் வீட்டில் இடம் கொடுக்கிறார். அவருக்கு மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன். காஞ்சனா தன்னைப்போலவே துரத்தப்பட்ட இன்னொரு பிள்ளையை, கீதாவை, எடுத்து வளர்த்து டொக்டருக்குப் படிக்க அனுப்புகிறார். ஆஸ்பத்திரி கட்டக் காணி வாங்குகிறார். ஒரு எம்எல்ஏ அந்தக் காணியைப் பறிக்கிறான். தட்டிக் கேட்கப் போன காஞ்சனா கொல்லப்படுகிறார். அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் இரத்த உறவில்லை. தள்ளிவிடப்பட்ட ஆக்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட குடும்பம் அது. அம்மா, அண்ணன், அண்ணி என்று நிரம்பி வழியும் ராகவாவின் குடும்பத்தைவிட அந்தக் குடும்பம் வடிவானது. 2000இல் வந்த அப்பு படத்தில் பிரகாஷ்ராஜின் பாத்திரம் பயங்கர வில்லன். அங்கிருந்து இங்கு வந்தது பெரிய தூரம்தான்.

ஆனால் அந்த பிளாஷ்பேக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட, ஒரு ஆம்பிளை வளையல் போட்டால் சிரிப்பு, சீலை கட்டினால் சிரிப்பு, மஞ்சள் பூசினால் சிரிப்பு, நெளிந்து நடந்தால் சிரிப்பு. அண்ணனுக்குக் கூச்சம், அம்மாவுக்கு அழுகை, தியேட்டருக்கு விசில். அந்த அசைவு ஒவ்வொன்றும் காஞ்சனாவின் அசைவு என்பது பிறகுதான் தெரியும். பெற்ற தகப்பன் எந்த அசைவுக்காகக் காஞ்சனாவை வீட்டை விட்டு விரட்டினாரோ, அதே அசைவுக்குத்தான் நாங்கள் இடைவேளை வரைக்கும் சிரிச்சுக்கொண்டு இருந்தது. படம் ஒருக்கால், ஒரேயொருக்கால், திரும்பி எங்களைப் பார்த்து "நீங்களும் தானே சிரிச்சனீங்கள்?" என்று கேட்டிருந்தால் அது மகத்தான படம். கேட்கவில்லை. சிரிச்ச காசும் அதுக்கே, அழுத காசும் அதுக்கே.

"அதெல்லாம் நுணுக்கி நுணுக்கிப் பார்க்கக்கூடாது, கடைசியில் நல்ல மெசேஜ்தானே" என்பார்கள். சரி, எந்த மெசேஜ் எங்களிடம் வந்து சேர்ந்தது என்று பார்ப்போம். படம் ரீவியில் போடத் தொடங்கினபிறகு எங்கட பள்ளிக்கூடங்களில மெதுவாகக் கதைக்கிற, கையை ஆட்டி நடக்கிற பெடியனுக்குக் கிடைச்ச பட்டம் "காஞ்சனா". அதுக்கு முதல் வேற சொற்கள் இருந்தன, அவற்றை இங்கே எழுதமாட்டோம். அந்தப் பட்டத்தை வைத்தவர்கள் காணி வாங்கின காஞ்சனாவை, கீதாவைப் படிப்பிச்ச காஞ்சனாவை நினைத்து வைக்கவில்லை. வளையலை நினைத்து வைத்தார்கள். இரண்டாம் பாதி கண்ணீரோடு தியேட்டரிலேயே நின்றுவிட்டது. முதற்பாதிதான் கடல் தாண்டி வகுப்பறை வரைக்கும் வந்தது.

அடுத்தது, "அந்தக் காலத்தில இவ்வளவாவது செய்தாங்களே" என்ற வாதம். 2011 எந்தக் காலம்? திருநங்கையருக்கென்று நலவாரியத்தைத் தமிழ்நாடு அமைத்தது 2008இல். போராட்டமும் இயக்கமும் எழுத்தும் அதற்கு முன்னாலேயே இருந்தன. காஞ்சனா வெளிவந்த அதே 2011இல் நர்த்தகி என்று ஒரு படம் வந்தது. அதில் திருநங்கையாக நடித்தவர் திருநங்கையான கல்கி சுப்ரமணியம். ஆகவே ஆள் இல்லை என்று யாரும் சொல்ல ஏலாது. ஆள் இருந்தது, தேடவில்லை.

காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். நன்றாக நடித்தார், அதில் எங்களுக்கு வாதமே இல்லை. வழமையாக மீசையை முறுக்கும் ஒரு நட்சத்திரம் அந்தப் பாத்திரத்தைப் பகிடி ஆக்காமல் தாங்கியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கோ. 2011 மே மாதம் அவர் தென்காசித் தொகுதியில் எம்எல்ஏ ஆகிறார். யூலையில் படம் வருகிறது. படத்தில் ஒரு எம்எல்ஏ திருநங்கை ஒருவரின் காணியைப் பறித்துக் கொல்கிறான். அந்தத் திருநங்கையின் முகமும் ஒரு எம்எல்ஏயின் முகம்தான். சரத்குமார் ஏதோ பிழை செய்தார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தத் திரையில் கொன்றவனுக்கும் இடம் இருந்தது, காப்பாற்றியவனுக்கும் இடம் இருந்தது, கொல்லப்பட்டவருக்கு மட்டும் சொந்த உடம்போடு வர இடம் இருக்கவில்லை என்றுதான் சொல்கிறோம்.

இதைத் திருத்த லோரன்ஸுக்கு இரண்டாவது சந்தர்ப்பமும் கிடைத்தது. 2020இல் ஹிந்தியில் லக்ஷ்மி என்று இதே கதையை அவரே இயக்கினார். இடையில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ராமின் பேரன்பு 2019இல் தியேட்டருக்கு வந்து, அஞ்சலி அமீர் என்ற திருநங்கை மம்மூட்டிக்கு எதிரே நின்று நடித்ததைச் சனம் பார்த்திருந்தது. ஒன்பது வருசத்தில் இவ்வளவு நடந்தபிறகும் லக்ஷ்மியில் அந்தப் பாத்திரம் போனது ஷரத் கேல்கர் என்ற ஆண் நடிகரிடம். காலம் மாறினது, படம் மாறவில்லை. அப்ப "அந்தக் காலம்" என்று சாட்டுச் சொல்லுறதை இனி நிப்பாட்டுவோம்.

முடிவுக்கு வருவோம். எங்கட மூன்றாவது கேள்வி அதுதானே. வில்லன் செத்தான், ஆஸ்பத்திரியும் வந்தது. காஞ்சனா? அவர் போகவில்லை. ராகவாவுக்குள்ளேயே தங்கிவிடுகிறார், இனி அவனுக்கு ஆபத்து வந்தால் உதவுவதற்கு. எல்லாரும் கைதட்டுகிற இடம். எங்களுக்கு அதுதான் படத்திலேயே பயங்கரமான காட்சி. உயிரோடு இருக்கும்போது யாருக்கும் வேண்டாமல் இருந்த ஒருவர், செத்தபிறகு ஒரு ஹீரோவின் சண்டைக்காட்சிக்கு மேலதிக பலம். கோயிலில் கலை ஆடினால் வந்தது திரும்பிப் போகும், ஆடினவர் மிஞ்சுவார். இங்கே வந்ததைப் போகவே விடவில்லை. விழுங்கல் இங்குதான் தொடங்குகிறது.

எண்டாலும் காஞ்சனாவுக்கு இரண்டாம் இடம் கொடுக்கிறோம். அந்தக் குடும்பத்துக்காகக் கொடுக்கிறோம். அதுக்கு மேல இல்லை.

முதலாம் இடம்: முனி

முனி நல்ல கிராபிக்ஸ் உள்ள படம் இல்லை. ஒளிப்பதிவும் பாட்டுகளும் அப்படி ஒன்றும் நினைவில் நிற்காது. கோவை சரளாவும் வினு சக்கரவர்த்தியும் சேர்ந்து செய்யும் பகிடிகள்தான் முதற்பாதியைத் தூக்கி நிறுத்துகின்றன. (கோவை சரளாவுக்கென்று ஒரு தனிக் கட்டுரை எழுதவேணும். பயந்த மகனை இடுப்பில் தூக்கிவைத்திருக்கும் தாயாக இந்தத் தொடரின் முழுப் பாரத்தையும் 12 வருசம் தாங்கினது அந்த மனிசிதான்.)

ஆனால் பேய் யார் என்று கேளுங்கோ. முனியாண்டி. வயதான, சேரியில் வாழ்ந்த மனிதன். ராஜ்கிரண் நடித்திருக்கிறார். ஸ்டைல் இல்லை, ஸ்லோ மோஷன் இல்லை, காதல் இல்லை. அவர் ஒரு அரசியல்வாதியை நம்பினார். தன் சனத்துக்கு இடம் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி அவனுக்காக உழைத்தார். வென்றதும் அவன் முனியைக் கொன்றான். கொன்றதோடு விடவில்லை, சனத்தை ஏமாற்றியவன் என்ற பழியையும் முனியின் தலையில் கட்டினான்.

அவருக்கு என்ன வேணும்? வில்லனின் உயிர் வேணும்தான், அது இந்தத் தொடரில் எல்லாப் பேய்க்கும் வேணும். ஆனால் முனிக்கு இன்னொன்றும் வேணும்: தன் சனத்துக்கு உண்மை தெரியவேண்டும். தான் துரோகி இல்லை என்பதை அவர்கள் அறியவேண்டும். நாலு படத்திலும், பழிவாங்கலுக்கு மேலே ஒரு அரசியல் கோரிக்கையோடு வரும் ஒரே பேய் முனிதான். அந்தக் கோரிக்கையை ஹீரோ தனியாக இருட்டில் நாலுபேரை அடித்து நிறைவேற்ற முடியாது. அதற்குச் சனம் வேணும், சனம் கேட்கவேணும்.

ஒரு மசாலாப் படத்தை எங்கட தாய்மாரின் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டுபோக எங்களுக்கு விருப்பமில்லை. அவர்கள் தேடுவது பேய்களையும் இல்லை, பிள்ளைகளை. ஆனால் 2017 மாசியிலிருந்து வீதியோரம் குந்தியிருக்கும் அந்தத் தாய்மார் முதலில் கேட்பது என்ன? என்ன நடந்தது என்று சொல்லுங்கோ. அதற்கு அதிகாரத்தில் இருந்தவர்கள் சொன்ன பதில்களில் ஒன்று: எங்கேயாவது வெளிநாட்டில இருப்பினம். ஒரு ஆளை இல்லாமல் ஆக்குவது ஒரு குற்றம். அந்த ஆளைப் பற்றி ஒரு பொய்க் கதையைக் கட்டிச் சனத்திடம் விடுவது இரண்டாவது குற்றம். முனி அந்த இரண்டாவது குற்றத்தைப் பேசுகிற படம். அதைத் தெரிந்து பேசினதோ தெரியாமல் பேசினதோ என்பது எங்களுக்கு வேண்டாத ஆராய்ச்சி. அதற்குப் பிறகு வந்த மூன்று படமும் முதலாவது குற்றத்துக்கு அடிதடியால் பதில் சொல்லிவிட்டு வீட்டை போய்விட்டன.

ஹீரோ என்ன செய்கிறான்? முனியில் கணேஷ் ஒரு சாதாரண பயந்தாங்கொள்ளி. லோரன்ஸ் அப்ப முழு நட்சத்திரமாகி முடியவில்லை. குழு நடனத்திலிருந்து நடன மாஸ்டராகி, அங்கிருந்து நடிப்புக்கும் இயக்கத்துக்கும் வந்த ஆள். தன் உடம்பை இன்னொருவருக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். ராஜ்கிரணின் பாரம் அந்த ஒல்லி உடம்பில் தெரிந்தது. வாசல் வாசலாக இருந்தது. அதுதான் இந்தப் படம் முதலாவது.

"பகிடிப் படத்தில அரசியல் தேடாதேங்கோ"

எதிர்ப்புகளில் மிச்சம் இருப்பது இதுதான். இதைச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி. இந்த நாலு படத்திலும் வில்லன் யார்? அரசியல்வாதி, காணி பிடிக்கிறவன், அவர்களின் சொந்தக்காரன். கொல்லப்பட்டவர்கள் யார்? சேரி மனிதன், திருநங்கை, முஸ்லிம் முதியவர், மாற்றுத்திறனாளிப் பெண், ஆதரவற்ற பிள்ளைகளோடு வாழ்ந்தவர். இந்தப் பட்டியலை நாங்கள் போடவில்லை, லோரன்ஸ் போட்டார். அரசியலைப் படத்துக்குள் கொண்டுவந்தது அவர்தான். பரிதாபம் வேணும் என்ற நேரத்தில் இந்த ஆக்களை அழைத்துவிட்டு, நியாயம் கேட்கிற நேரத்தில் ஹீரோவை முன்னுக்கு விட்டதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இன்னும் சிலபேர் சொல்லுவினம், "பேய்க்கு நியாயம் வாங்கிக் குடுக்கிறதே நல்ல விஷயம்தானே, யார் வாங்கிக் குடுத்தால் என்ன?" யார் வாங்கிக் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒவ்வொரு படமும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஒடுக்கப்பட்ட ஆள் உயிரோடு இருக்கும்வரைக்கும் ஒன்றும் வெல்ல ஏலாது. பொலிசும் கோட்டும் உதவாது, அயலட்டையும் உதவாது. செத்து, பேயாகி, சொந்தக் குடும்பமும் தாட்டியான உடம்பும் உள்ள ஒரு ஆம்பிளைக்குள் ஏறினால்தான் நியாயம். அந்த ஆம்பிளையும் கதை கேட்டு மனமிளகவேணும். மனமிளகாவிட்டால்? பேயோட்டி இருக்கிறார், போத்தலில் அடைப்பார். எங்களுக்கு உண்மையில் பயம் தருவது அந்தக் கணக்குத்தான்.

நாலாவது காஞ்சனாவும் தயாராகிறது என்கிறார்கள். வரட்டும், நாங்களும் போய்ப் பார்ப்போம். பார்க்காமல் விட எங்களாலும் ஏலாது, அந்த அளவுக்கு இந்தப் படங்களோடு வளர்ந்திருக்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அதில் வருகிற பேயை வேறு யாரும் நடிக்கட்டும். முதற்பாதியில் எதைக் காட்டிச் சிரிக்க வைக்கிறீர்களோ, அதை இரண்டாம் பாதியில் காட்டி அழ வைக்காதேங்கோ. முடிந்தால் ஒரு திருநங்கை பாத்திரத்தை ஒரு திருநங்கையிடமே கொடுங்கோ, செத்தபிறகு இல்லாமல் உயிரோடு இருக்கும் பாத்திரமாகவே கொடுங்கோ. படம் முடியேக்க பேயைப் போக விடுங்கோ.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. அடுத்த தரம் யாரும் "காஞ்சனாதான் பெஸ்ட்" என்று வரிசை போட்டால், எத்தனை இடத்தில் பயந்தாய் என்று கேட்காதேங்கோ. முனியாண்டிக்கு என்ன வேணும் எண்டு ஞாபகம் இருக்கோ என்று கேளுங்கோ. பெரும்பாலும் இருக்காது. அப்ப சொல்லிக் குடுங்கோ.